புதுப்பித்த பழைய வீட்டுக்கு வங்கிக் கடன் ஏன் கிடைப்பதில்லை? விற்பவர் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலைகள்

பழைய தனி வீட்டை வாங்கி, ஒயரிங் மாற்றி, டைல்ஸ் போட்டு, பெயின்ட் அடித்து விற்கும் தொழிலில் பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். வீடு பிடிக்கிறது, விலை படிகிறது, அட்வான்ஸும் வந்துவிடுகிறது. பிறகு வாங்குபவரின் வங்கி "இந்தச் சொத்துக்குக் கடன் தர முடியாது" என்றோ, கேட்டதில் பாதிதான் தருவோம் என்றோ சொல்லிவிடுகிறது. வீடு பூட்டிக் கிடக்க, விற்பவர் தன் வட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார்.

வங்கி உங்கள் கிச்சனையும் பாத்ரூம் டைல்ஸையும் பார்த்துக் கடன் தருவதில்லை. பத்திரம், நிலம், அனுமதி வரைபடம், கட்டடத்தின் மிச்ச ஆயுள் ஆகிய நான்கையும்தான் பார்க்கிறது. நான்கில் மூன்று, நீங்கள் வீட்டை வாங்கும் நாளிலேயே முடிவாகிவிட்டவை. அதனால் இந்த வேலைகளைப் பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்ய வேண்டும். பெயின்ட் காய்ந்த பிறகு செய்தால் பாதிக்கு மேல் பயனில்லை. கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

முதலில் கடன் தொகையின் கணக்கு

ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம், 75 லட்சத்துக்கு மேல் என்றால் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்து என்றால் முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளை இந்த மதிப்பில் சேர்க்க முடியாது. 'மதிப்பு' என்று வங்கி எடுத்துக்கொள்வது, பத்திரத்தில் எழுதும் விலை, வங்கியின் வேல்யூவர் (சொத்தை மதிப்பிடுபவர்) போடும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அது. நீங்கள் கேட்கும் விலைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

வேல்யூவர் எப்படிப் போடுகிறார் என்று ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம். எண்கள் கணக்கு புரிவதற்காக மட்டும். 1,200 சதுர அடி மனை, அக்கம்பக்க விலை சதுர அடிக்கு 5,000 ரூபாய். நிலம் 60 லட்சம். அதில் 1,200 சதுர அடி கான்கிரீட் வீடு, வயது 30. இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,000 வீதம் 24 லட்சம். கட்டடத்தின் மொத்த ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று வைத்தால், 30 ஆண்டுக்குத் தேய்மானம் 45 சதவீதம். கட்டடத்துக்கு நிற்பது 13.2 லட்சம். மொத்தம் 73.2 லட்சம்.

இந்த வீட்டில் நீங்கள் 12 லட்சம் செலவழித்து 90 லட்சம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 73.2 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது ஏறக்குறைய 58.5 லட்சம் தரும். மீதி 31.5 லட்சம் வாங்குபவரின் கையிலிருந்து வர வேண்டும். அதோடு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 90 லட்சத்துக்கு 8.1 லட்சம். ஆகச் சுமார் 40 லட்சம் ரொக்கச் சேமிப்பு உள்ளவர்தான் இந்த வீட்டை வாங்க முடியும். அவ்வளவு கையிருப்பு உள்ளவர் பெரும்பாலும் புது வீடாகவே பார்ப்பார். பல வீடுகள் "எல்லோருக்கும் பிடிக்கிறது, யாரும் வாங்கவில்லை" என்று நிற்பதற்கு இந்த 40 லட்சம்தான் காரணம்.

ஆகவே வாங்கும் முன் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். வேலை முடிந்த பிறகு வங்கி என்ன மதிப்பு போடும் என்று அந்தப் பகுதியில் வங்கி வேலை செய்யும் வேல்யூவர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்தே கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணைவிட உங்கள் விற்பனை விலை பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால், பழைய வீட்டுக்குக் கொடுக்கும் விலையைக் குறையுங்கள், அல்லது அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

எந்தப் புதுப்பிப்புக்கு மதிப்பு கூடும்

பால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், வால்பேப்பர், எல்இடி விளக்கு, அலமாரி இவற்றுக்கு வேல்யூவேஷன் ரிப்போர்ட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் ஏறாது. வாங்குபவரை ஈர்க்க இவை வேண்டும்தான், ஆனால் செலவை அந்த அளவோடு நிறுத்துங்கள். மதிப்பு கூடுவது மூன்று இடத்தில்: அனுமதியோடு கட்டிய கூடுதல் பரப்பு, மாற்றிய கூரைத் தளம், கட்டமைப்பைப் பலப்படுத்திய வேலை. கடைசி இரண்டையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சான்றிதழோடு காட்டினால், வேல்யூவர் கட்டடத்தின் மிச்ச ஆயுளைக் கூட்டி எழுத வாய்ப்புண்டு.

மிச்ச ஆயுள் வெறும் மதிப்புக்கான எண் அல்ல, கடன் காலத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது. கடன் முடியும் வரை கட்டடம் நிற்க வேண்டும் என்பது வங்கியின் கணக்கு. வேல்யூவர் 15 ஆண்டு என்று எழுதினால் 20 ஆண்டுக் கடன் கிடைக்காது. காலம் குறைந்தால் மாதத் தவணை ஏறும். தவணை ஏறினால் அதே சம்பளத்துக்குக் கிடைக்கும் கடன் குறையும். மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய தளம்), ஓட்டுக் கூரை, ஷீட் கூரை வீடுகளில் இது இன்னும் கடுமை. கட்டடத்துக்கு மதிப்பே போடாமல் நிலத்துக்கு மட்டும் போடுபவர்களும் உண்டு, கடனே வேண்டாம் என்கிற வங்கிகளும் உண்டு.

பழைய தளத்தின் அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருக்கும்போது, அதைச் சரிசெய்யாமல் பால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் முட்டாள்தனம். அனுபவமுள்ள வேல்யூவர் முப்பது வருட வீட்டில் எல்லா அறையிலும் சீலிங் மூடியிருப்பதைக் கண்டாலே சந்தேகப்படுவார். லாப்ட்டின் உட்புறம், மாடிப்படியின் அடி, பாத்ரூம் தளத்தின் கீழ்ப்பக்கம், சன்ஷேட் முனை என்று பெயின்ட் அடிக்க மறந்த இடங்களைத்தான் அவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, பாலிமர் மோர்ட்டார் வைத்துப் பூசுங்கள். அந்த வேலை நடக்கும்போது தேதி தெரியும்படி படம் எடுங்கள். சீலிங் போட்டே ஆக வேண்டும் என்றால் அறைக்கு ஒரு திறப்பு விடுங்கள்.

ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை இடிப்பதும் இதே வகை. பழைய வீடுகளில் பெரும்பாலும் தூண் இருக்காது, சுவர்தான் பாரத்தைத் தாங்கும். பீம் கொடுக்காமல் இடித்தால் வீட்டுக்கும் ஆபத்து, ரிப்போர்ட்டும் கெடும்.

அனுமதி வரைபடம்

கடன் மறுக்கப்படுவதில் பெரிய பங்கு இதற்கு. வரைபடத்தில் தரைத்தளம் மட்டும், இடத்தில் மேலே ஒரு போர்ஷன். அல்லது வரைபடமே இல்லை. முன் வீட்டுக்காரர் என்றோ கட்டிய மாடி அறையை நீங்கள் சீராக்கி, அதற்கும் சேர்த்து விலை கேட்கிறீர்கள். வங்கி அனுமதித்த பரப்புக்கு மட்டும் மதிப்பு போடும். விலகல் அதிகம் என்றால் மொத்தமாகவே மறுத்துவிடும். சிறிய விலகலைச் சில வங்கிகள் பொறுத்துக்கொள்ளும், எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், கட்டடத்தை ஈடாக வைத்துக் கடன் தரும்முன் பணி நிறைவுச் சான்றைச் சரிபார்க்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. சான்று தேவைப்படாத சிறு வீடுகளும் தமிழ்நாட்டில் உண்டு. உங்கள் வீடு அந்த விலக்கில் வருகிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கி அதிகாரி கேட்கும்போது வாயால் சொல்வதைவிட விதியின் நகலை நீட்டுவது வேலையைச் சுருக்கும்.

வரைபடம் தொலைந்திருந்தால் மாநகராட்சி அல்லது நகராட்சியில் சான்றிட்ட நகல் கேட்கலாம். கோப்பு கிடைக்கவில்லை என்று இழுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய சொத்து வரி ரசீது எண்ணும் அனுமதி ஆண்டும் மனுவில் இருந்தால் தேடுவது எளிது.

மனைக்கும் தனியாக அனுமதி பாருங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட லேஅவுட், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரத்துக்கு ஈடாகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதிவதற்குத் தடையில்லை. ஆனால் பதிவாகிறது என்பதாலேயே கடன் கிடைத்துவிடாது. வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று வங்கி கேட்கும்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கித் தனித்தனியாக விற்கும் யோசனை லாபகரமாகத் தெரியும். மனை உட்பிரிவுக்கு அனுமதி, தனித்தனிப் பட்டா, தனித்தனி வரைபடம் இவை இல்லாமல் இரண்டு பாதிக்கும் கடன் கிடைக்காது. அதற்கு உழைப்பதைவிட முழு வீடாக விற்பது நல்லது.

பத்திரமும் வில்லங்கமும்

பெரும்பாலான வங்கிகள் 30 ஆண்டு வில்லங்கச் சான்று (ஈசி) கேட்கும். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்துக்கும் புதிய அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணிலும் தேட வேண்டும். புது எண்ணில் மட்டும் போட்டால் ஈசி சுத்தமாக வரும். வங்கியின் வக்கீல் பழைய எண்ணில் போடும்போது எல்லாம் வெளிவரும்.

ஈசியில் ஒவ்வொரு வரிக்கும் அதை முடித்துவைக்கும் இன்னொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். 2011-ல் "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு, 12,00,000 ரூபாய்" என்று ஒரு வங்கியின் பெயரில் பதிவு இருக்கும். கடனை 2017-லேயே கட்டி முடித்துப் பத்திரத்தையும் வாங்கியிருப்பார்கள். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவு செய்திருக்க மாட்டார்கள். வாங்குபவரின் வங்கிக்கு அந்தக் கடன் இன்னும் உயிரோடு இருப்பதாகவே தெரியும். அந்தப் பழைய வங்கிக் கிளை வேறொன்றோடு இணைந்திருந்தால், கையெழுத்துப் போடும் அதிகாரியைத் தேடுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். முன் உரிமையாளர் உங்களுக்குக் கிரயம் எழுதும் முன் இதை அவர் செலவில் முடிக்கச் சொல்லுங்கள். கையில் பணம் வாங்கிய பிறகு யாரும் அலைய வரமாட்டார்கள். பதிவான பழைய கிரய ஒப்பந்தமும் அப்படியே. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்தம் முறிந்தும் ரத்துப் பத்திரம் போடாத சொத்துகள் ஏராளம்.

ஈசியில் வராத அடமானமும் உண்டு. அடமானங்களை வங்கிகள் பதிவேற்றும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் 10 ரூபாய் கட்டி யாரும் தேடலாம். இந்தத் தேடலை யாரும் செய்வதில்லை, செய்தால் நல்லது.

பழைய வீடு என்றாலே வாரிசுச் சொத்தாக இருக்கும். அங்கே மூன்றைப் பாருங்கள். முதலாவது, கையெழுத்துப் போடாத சகோதரி. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கிரயத்தில் கையெழுத்தோ, தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரமோ இருக்க வேண்டும். இரண்டாவது, விற்றபோது மைனராக இருந்தவரின் சொந்தப் பங்கு. நீதிமன்ற அனுமதி இல்லாமல் தகப்பனோ தாயோ விற்றிருந்தால், பிள்ளை பிற்பாடு அதை எதிர்க்க முடியும். அந்த ஆள் மேஜராகி மூன்று ஆண்டு தாண்டியதா என்று வங்கியின் பட்டியலில் உள்ள (பேனல்) வக்கீல் பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடுவார். மூன்றாவது, தொலைந்த மூலப்பத்திரம். சான்றிட்ட நகல், காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம் எல்லாம் கொடுத்தாலும் சில வங்கிகள் ஏற்பதில்லை. அடமானத்துக்கு அசல்தான் அடிப்படை என்பதால் அவர்கள் பயம் நியாயமானதே.

அளவு பொருந்தாததும் அடிக்கடி வரும். பத்திரத்தில் 1,200 சதுர அடி, பட்டாவில் 1,140, டேப் வைத்தால் 1,110. வங்கி எடுப்பது குறைந்ததை. பத்திரத்தில் பிழை என்றால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு, முன்பு விற்றவர் வந்து கையெழுத்திட வேண்டும். ஆகவே உங்கள் கிரயத்துக்கு முன்பே அளந்துவிடுங்கள். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவுக்கு மனுப் போட்டு நில அளவையர் வந்து போக நாளாகும். புதுப்பிப்பு வேலை நடக்கும் மாதங்களிலேயே அதை ஓட விடுங்கள்.

பவர் வாங்கி விற்பது

முத்திரைத்தாள், பதிவு என்று போகும் 9 சதவீதச் செலவை மிச்சம் பிடிக்க, கிரயம் வாங்காமல் உரிமையாளரிடம் ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் (பவர்) வாங்கி, வீட்டைச் சீராக்கி, பவர் ஏஜென்டாக மூன்றாம் நபருக்குக் கிரயம் எழுதுவது பரவலாக உள்ள பழக்கம். பவர் பத்திரம் உரிமையை மாற்றாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்ட் மூலம் உரிமையாளரின் சார்பில் கிரயம் செய்வது செல்லும். ஆனால் பவர் கொடுத்தவர் இறந்தால் வழக்கமான பவர் அங்கேயே முடிந்துவிடும். வயதானவர் கொடுத்த பவரை வங்கி கண்டால் தயங்குவது இதனால்தான். உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்பார்கள், பணத்தை உரிமையாளரின் கணக்கிலேயே போடுவேன் என்பார்கள். உரிமையாளர் கணக்கில் 90 லட்சம் விழுந்த பிறகு உங்கள் லாபத்தை அவரிடமிருந்து வாங்குவது உங்கள் பாடு.

வாங்குபவர் கடன் எடுக்கும் ரக வீடு என்றால் உங்கள் பெயரில் கிரயம் வாங்கிவிடுவதே நல்லது. 9 சதவீதம் தாங்காத லாபம் என்றால் அந்த வீட்டில் லாபமே இல்லை என்று பொருள்.

குறுகிய காலத்தில் விலை ஏறியது ஏன் என்ற கேள்வி

வாங்கி இத்தனை நாள் கழித்துத்தான் விற்க வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. ஆனால் எட்டு மாதத்துக்கு முன் 45 லட்சத்துக்குப் பதிவான வீடு இன்று 90 லட்சத்துக்கு வந்தால், கடன் அதிகாரி மோசடிக் கடனோ என்று யோசிப்பது இயல்பு. இங்கே பெரும்பாலும் விற்பவரே தனக்குக் குழி தோண்டியிருப்பார். உண்மையில் 65-க்கு வாங்கி, செலவை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் 45 என்று போட்டிருப்பார். இப்போது காகிதத்தில் லாபம் ஏறக்குறைய இரட்டிப்பு. வங்கிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும், வருமான வரியும் இல்லாத லாபத்துக்குக் கட்ட வேண்டும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவுத் தொகை அபராதமாக வரலாம் என்பது தனி. குறைத்துப் போட்ட பத்திரம் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால் அசல் கைக்கே வந்திருக்காது. அசல் இல்லாமல் வங்கியிடம் பேச்சே இல்லை.

கோப்பு ஒன்று தயாராக வையுங்கள்: வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் எடுத்த படங்கள், ஜிஎஸ்டி பில்கள், கான்ட்ராக்டருக்கு வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் ஸ்டேட்மென்ட், இன்ஜினியர் சான்று, அதே தெருவில் சமீபத்தில் பதிவான இரண்டு மூன்று கிரயங்களின் விவரம். வேல்யூவர் வரும் நாளில் இதை அவர் கையில் கொடுங்கள். ரிப்போர்ட் எழுதிய பிறகு கொடுத்தால் அவர் மாற்ற மாட்டார்.

ஒப்பந்தம் முதல் பதிவு நாள் வரை

வாங்குபவருடன் போடும் ஒப்பந்தத்துக்கு 45 நாள் போதாது, 90 நாள் வையுங்கள். கடன் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரித்து எழுதுங்கள். பத்திரம், வரைபடம், கட்டடம் காரணமாக மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்பும். வாங்குபவரின் வருமானம், சிபில் மதிப்பெண் காரணம் என்றால் எவ்வளவு பிடித்தம் என்று தொகை குறிப்பிடுங்கள். அட்வான்ஸ் வாங்கும் முன், அவருடைய வங்கி வருமான அடிப்படையில் எவ்வளவு தரத் தயார் என்ற கடிதத்தைப் பாருங்கள்.

விற்பனைக்கு வைக்கும் முன்பே ஒரு பொதுத்துறை வங்கிக்கும் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்துக்கும் பேனலில் உள்ள வக்கீலிடம் கருத்துரை வாங்கி வைத்தால், வாங்குபவரை எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று தெரிந்துவிடும். தனியார் வீட்டுக் கடன் நிறுவனங்கள் பொதுத்துறை வங்கி தள்ளிய சொத்தை எடுப்பதுண்டு, வட்டி கூடுதலாக இருக்கும். எதையும் மறைத்து அனுப்ப வேண்டாம். ஒரு வங்கியில் மறுத்த விவரம் அடுத்த வங்கியில் வெளிவந்தால் வாங்குபவரே ஓடிவிடுவார்.

உங்கள் பெயரிலேயே கடன் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள அசல் ஆவணங்களின் பட்டியலும் வாங்கிக் கொடுங்கள். வாங்குபவரின் வங்கி நேராக உங்கள் வங்கிக்கு டிடி கொடுத்து ஆவணத்தை எடுத்துக்கொள்ளும். கடன் முடிந்த 30 நாளுக்குள் ஆவணத்தைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் விதி. பத்திரம் தனியார் பைனான்சியரிடம் இருந்தால் இந்த வழி நடக்காது. எந்த வங்கியும் அவருக்கு டிடி எழுதாது. அட்வான்ஸை வைத்தோ வேறு வழியிலோ முதலில் மீட்டாக வேண்டும்.

பதிவுக்கு ஒரு வாரம் முன் சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றும் உங்கள் பெயரில் பாக்கியில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விலையோ அரசின் வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்திலிருந்து 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். 90 லட்சத்தில் 90,000 ரூபாய் கழிந்துதான் உங்களுக்கு வரும், வங்கி எழுதும் டிடி தொகையும் இதற்கேற்ப இருக்க வேண்டும். டிடி நகலை முந்தைய நாளே வாங்கி, உங்கள் பெயரின் எழுத்து பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். பதிவு அலுவலகத்தில் டோக்கன் நேரம் நெருங்கும்போது அதைச் சரிசெய்ய வழியிருக்காது.